தோள் ஏறும் முன்

தேர்வுக்கு வந்த பிள்ளைகளின் மணிக்கட்டுகளைக் கழற்றி, எடை பார்த்து, எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டினார்கள். ஒரு பிள்ளையும் அழவில்லை. செவ்வாய்க் குடியிருப்பில் இறகுப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இது பல் துலக்குவது மாதிரி.

வில்வநாதனின் மகள் தமயந்திக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. பிறந்தபோது வந்த மணிக்கட்டுதான். செயற்கைக் கை வாங்க வக்கில்லாத அப்பன் வரிசையில் கூனிக் குறுகி நின்றான். இந்த விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தால் வெயில் படும் மேல்தளத்தில் அவளுக்கு வாழ்க்கை. இல்லையென்றால் அவளும் அவனைப் போலச் சுரங்கத்துக்குத்தான்.

எதிரே பந்தடித்தது ஓர் ஆள்பொறி. வளர்ந்த ஆணின் உயரம், தோள், முழங்கை எல்லாம் அதற்கு உண்டு. அது அடிக்கும் பந்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடினால் எட்டாது. தோளும் முழங்கையும் அசைவதைப் படித்து, பந்து கிளம்புமுன்பே நகர்ந்துவிட வேண்டும். பாவம், அந்தப் படிப்பை மட்டும் எந்தக் கடையிலும் விற்கவில்லை.

விலையுயர்ந்த மணிக்கட்டுகள் எல்லாம் காற்றைத்தான் வீசின. தமயந்தியோ பந்து போகுமிடத்தில் முன்கூட்டியே நின்றாள். ஒன்றைக்கூட விடவில்லை. வில்வநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், எல்லாம் தன் ரத்தம் என்றான். அவன் ஆயுளில் மட்டையைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளித் தலைவி மங்களவல்லி அவனையும் மகளையும் அருகே அழைத்தார்.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாருமில்ல மிஸ். அப்பா கை ஓங்குறதுக்கு முன்னாடி தோள் ஏறும். அதப் பாத்துட்டா தப்பிச்சுக்கலாம்."

குறையாகச் சொல்லவில்லை அவள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள்.

பிள்ளையை அடிக்காதே என்று மனைவி கெஞ்சும்போதெல்லாம், நான் வாங்காத அடியா, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வாயை அடைத்தவன் வில்வநாதன். இப்போது இந்தத் தலைவி நாலு பேர் முன்னால் காறித் துப்பினால் தேவலை என்றிருந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் சரி.

மங்களவல்லி புன்னகையோடு அவன் கையைக் குலுக்கினார்.

"இடம் உறுதி சார். வீட்ல குடுக்கிற பயிற்சிய மட்டும் நிறுத்திடாதீங்க."

மற்றப் பெற்றோர்கள் ஈயாய் மொய்த்துவிட்டார்கள். தினமும் எவ்வளவு நேரம், எந்த வயதில் ஆரம்பித்தீர்கள், பெண் பிள்ளைக்கும் அதே அளவுதானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவனுக்கோ மகளின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தால் போதும் என்று மனசு கிடந்து தவித்தது.

கையை அவன் இன்னும் தூக்கக்கூட இல்லை. தோள் லேசாக ஏறியிருக்க வேண்டும்.

தமயந்தி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.