ஒரு சாண் கீழே

காஞ்சனா ஊதினாள். பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டிருந்த கோவர்த்தனனின் பதில் ஊதல் உடனே வந்தது. ஆனால் ஆள் நிற்கும் உயரத்திலிருந்து அது வரவில்லை. அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீரை ஒட்டி வந்தது.

தடா ஊருக்குக் கிழக்கே ஏரியின் சேற்றுப் பரப்பையெல்லாம் வெளியூர் நாணல் மூடிவிட்டது. பூநாரைக்கு இறங்க இடமில்லை. அதை அழிக்கத்தான் காஞ்சனாவும் மற்றவர்களும் சத்தியவேட்டுப் பக்கமிருந்து கூலிக்கு வந்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நாணல் என்பதால் பக்கத்து வரிசையில் அறுப்பவர் கண்ணில் படமாட்டார். ஆளுக்கொரு நாணல் ஊதல் வைத்திருந்தார்கள். ஒருவர் ஊத, மற்றவர் பதில் ஊத வேண்டும்.

அறுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. மேஸ்திரி சிவசங்கரன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"காஞ்ச தண்டு வழியாத்தான் வேரு மூச்சு உட்டுக்கினு இருக்குது. தண்ணிக்கு ஒரு சாண் கீழ அறு. உள்ள தண்ணி பூந்தா வேரு அழுவிப்பூடும்."

பதினேழு நாளில் கைக்கு அது பழகிவிட்டது. தண்டைப் பிடித்தால் அரிவாள் தானாகத் தண்ணீருக்குள் போகும். அறுத்த இடத்தில் குமிழ்கள் வந்து நிற்கும்.

மறுபடி ஊதினாள். மறுபடியும் கீழேயிருந்து பதில். மனுஷன் குனிந்து உட்கார்ந்து விளையாடுகிறான், வயசுக்குத் தகுந்த வேலையா இது என்று முனகிக்கொண்டே, மேகம் மூடிய அந்தச் சாயங்காலத்தில், அழுகிய தழை நாற்றமும் உப்பு வாடையும் மூக்கை அடைக்க, வழியிலிருந்த தண்டுகளை அறுத்துக்கொண்டு அவன் வரிசைப் பக்கம் நகர்ந்தாள். அவன் அரிவாள் சத்தம் எப்போது நின்றது என்று அப்போதுதான் யோசித்தாள். பயம் வந்தது.

இரண்டு தண்டுகளை அறுத்தாள். ஊதல் மெலிந்தது. இன்னும் மூன்று. இன்னும் மெலிந்தது.

அங்கே வேர்கள் பின்னிப் பாய் விரித்தாற்போல் மிதந்தன. நடுவில் ஒரு கிழிசல். அதன் ஓரத்தில் அவன் துண்டு. கால் வைத்தால் உள்ளே போய்விடுவீர்கள், மேலே பாய் மூடிக்கொள்ளும் என்று மேஸ்திரி இதையும் சொல்லியிருந்தார்.

அடியில் இருக்கிறான். தண்டுகள் வழியாக மூச்சு விடுகிறான்.

தான் அறுத்த ஐந்து தண்டுகளும் நினைவுக்கு வந்தன.

கிழிசலுக்குப் பக்கத்தில் முனை ஒடிந்த காய்ந்த தண்டு ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. ஊதல் அதிலிருந்துதான் வந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சூடான காற்று பட்டது. உயிரோடு இருக்கிறான்.

"இரு. தோ வந்துட்டன்."

ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேர்ப்பாயை அறுத்தாள். ஒரு கொத்து. இன்னொரு கொத்து. தண்ணீர் கலங்கியது. எதுவும் தெரியவில்லை. பிடித்திருந்த தண்டு சட்டென்று லேசானது.

கையோடு வந்துவிட்டது.

அடிமுனை சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. ஒரு சாண் கீழே.

குமிழ்கள் வந்தன.

கத்தினாள். அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். சட்டை கிடைத்தது. இழுத்தாள். வேரோடு இழுத்தாள்.

முகம் மேலே வந்தது.

கோவர்த்தனன்தான். இன்று மத்தியானம் அவளோடு உட்கார்ந்து மோர்ச்சோறு தின்றவன். பெரிய கருவாட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தவன்.

அறுபட்ட தண்டின் மீதி அவன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவ்வியிருக்கவில்லை. அது உள்ளேயிருந்து முளைத்திருந்தது. மூக்கிலிருந்து வெள்ளை வேர். காதிலிருந்து வேர். விரல் கனத்தில், பல வருஷம் ஓடிய வேர், கழுத்தைச் சுற்றிச் சட்டைக்குள் இறங்கியிருந்தது.

தண்டின் ஓட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தது. அதில் ஒரு குமிழ் எழுந்து உடைந்தது.

அவன் கண்கள் திறந்தே இருந்தன. அவளைப் பார்த்தன. பிறகு மெதுவாக, அவள் இடுப்பிலிருந்த அரிவாளைப் பார்த்தன.

இன்னொரு குமிழ்.