கோயில் முடக்குல வண்டி நிக்கணும்!

"அவ கோர்ட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது! வெளங்குதா ஒனக்கு?"

"கத்தாதண்ணே... யாருக்காச்சும் கேட்டுரும்..."

"கேக்கட்டும்! நல்லையா கழுத்துல நான் கத்திய வைக்கிறப்ப, அவன் கைய முறுக்கிப் பிடிச்சது யாரு? நீதானே? நான் உள்ள போனா ஒன்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போவேன்!"

"அதுக்காக இன்னொரு கொலையாண்ணே..."

பளார்!

சுவருக்கு இந்தப் பக்கம், ஆட்டோவுக்கு அடியில் மல்லாந்து கிடந்த யசோதினியின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை. வேலை நாட்களில் தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இன்று பூட்டிக் கிடக்கும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான், தூறலுக்கு ஒதுங்கி, அதன் பின் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்தி ஒயில் மாற்றிக் கொண்டிருந்தாள்.

உள்ளே இரண்டு பேர்! அவள் எஞ்சினை அணைத்த பிறகு முன்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும்.

முதல் குரலை அவளுக்குத் தெரியும். தம்பையா! கங்காணி நல்லையாவைத் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிச் சாய்த்தவன். பிணையில் வெளியே வந்திருக்கிறான். வெட்டியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள்... யசோதினி! அன்றைய பனியில் தம்பையாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது; நல்லையாவைப் பின்னால் இருந்து பிடித்தவன் யாரென்று தெரியவில்லை.

நாளைக் காலை பதுளை கோர்ட்டில் அவள் சாட்சி.

இரண்டாவது குரல்...? வெறும் கிசுகிசுப்பு. யாரென்று பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து, தளர்த்தி வைத்திருந்த போல்ட் கழன்றது!

எஞ்சினைச் சூடாக்கித்தான் ஒயிலை வடிக்க வேண்டும். அப்போதுதான் அழுக்கெல்லாம் சேர்ந்து இறங்கும். அப்படிச் சூடாக்கிய கறுப்பு ஒயில் அவள் மணிக்கட்டில் கொட்டியது!

தோல் வெந்தது.

கத்தவில்லை. கத்தினால் பிணம்! உதட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"கோயில் முடக்குல நான் நிப்பேன்," என்றான் தம்பையா. "அங்க வண்டி நிக்கணும். நிப்பாட்டுறது ஒன் வேலை. வெட்டுறது என் வேலை."

"எப்படிண்ணே நிப்பாட்டுறது?"

"காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டா நிப்பா! கேக்குறான் பாரு கேள்வி! நீயே யோசிடா!"

முன்கதவு திறந்தது. காலடிகள் விலகின. அவள் எட்டிப் பார்த்தபோது... பனிமூட்டம்தான் இருந்தது.

வெந்த கையாலேயே போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்கினாள். புது ஒயிலை ஊற்றினாள். பழைய ஒயிலை ஒரு கேனில் அடைத்துத் தாழ்வாரத்திலேயே ஒளித்து வைத்தாள். போனை எடுத்தாள். பொலிஸுக்கு அடிக்கலாமென்றால்... சிக்னல் இல்லை! கீழே மண் சரிந்ததில் இருந்து பஸ்ஸும் வருவதில்லை. ஆட்டோ மட்டும் ஒதுங்கிப் போகலாம். பதுளைக்கு ஒரே பாதை.

அந்தப் பாதையில் ஏத்தமான வளைவுதான் கோயில் முடக்கு!

*

பொழுது சாயும்போது புருஷன் நிமலன் வந்து சேர்ந்தான்.

"எங்க போனீங்க காலையில இருந்து?"

"லுணுகலை டவுனுக்கு. சாமான் வாங்க."

"கையில ஒண்ணையும் காணோம்?"

"கடை பூட்டு. கையில என்னா புள்ள கட்டு?"

"சுடுதண்ணி பட்டுருச்சு. என்னாங்க... எனக்குப் பயமா இருக்கு. தம்பையா சும்மா விடுவானா?"

"நான் இருக்கேன்ல!" என்று தோளைத் தட்டினான் நிமலன். "அந்த ஒயில மாத்தணும்னு நச்சரிச்சியே. கோர்ட்டு முடியட்டும், மாத்துவோம். இன்னும் ஓடும்."

அவனும் அதே வண்டியைத்தான் மாறி மாறி ஓட்டுகிறான். ஒயில் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்து வராது.

"இன்னும் ஓடும், இன்னும் ஓடும்! ஏத்தம் எறக்கம்னு முதல் கியர்லயே அழுவுற வண்டிங்க இது. சமதரை ரோட்டுல ஓடுறவனுக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கு நமக்குச் சரி வருமா? முன்னாடியே மாத்தணும். அதுவும் நீங்க வாங்குற தண்ணி ஒயில் வேணாம். பழைய எஞ்சினுக்கு தடிச்ச இருபது-அம்பது நம்பர் ஒயில்தான் சரி."

"சரி மெக்கானிக்கம்மா! படு!"

மாற்றிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் எங்கே வைத்து மாற்றினாய் என்பான். பக்கத்துக் காம்பராவில் கிழவி மாரியாயி விழித்திருந்தாள்; வரிசை வீடுகளாய் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் பேசினால் தம்பையா காதுவரை போய்விடும். நாளை சாட்சி சொன்ன பிறகு எல்லாம் பேசிக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

*

விடிந்தது.

எஞ்சினில் அளவு பார்க்கும் ஒயில் குச்சியை உருவித் துடைத்தாள். விட்டாள். மறுபடி எடுத்தாள்.

காய்ந்து கிடந்தது!

ஒரு சொட்டு இல்லை! யாரோ மொத்தமாக வடித்திருக்கிறார்கள். இப்படியே கிளப்பினால் கோயில் முடக்கு ஏத்தத்தில் எஞ்சின் இறுகிப் பிடித்து, நடுரோட்டில் நின்றுவிடும்.

இதுதானா அவர்கள் யோசித்த வழி?

ஆனால் தரையில் ஒரு கறை இல்லை. அத்தனை ஒயில் எங்கே போனது?

நிமிர்ந்தாள்.

ஆட்டுக்கொட்டிலின் மரத் தூண்கள் பளபளவென்று மின்னின.

வடித்த ஒயிலை லயத்தில் யாரும் கொட்ட மாட்டார்கள். கரையான் அரிக்காமல் இருக்கத் தூணுக்குப் பூசுவார்கள். அதிலும் நிமலன்... வடித்த கையோடு பூசாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது!

வடித்த ஒயில் பூசினால் தூண் தார் மாதிரிக் கறுக்கும்.

இந்தத் தூண்கள்... தேன் நிறத்தில் மின்னின!

புது ஒயில்! நேற்று அவள் ஊற்றிய ஒயில்! பழையதென்று நினைத்து, இருட்டில், பழக்க தோஷத்தில் பூசியிருக்கிறான்!

அந்தக் கிசுகிசுப்புக்கு முகம் கிடைத்துவிட்டது.

நல்லையாவின் கையை முறுக்கிப் பிடித்தவன்... நேற்று அவள் தோளைத் தட்டியவன்!

அழ நேரமில்லை. பெரிய கேனாய் வாங்கியதில் பாதி மிச்சமிருந்தது. சத்தமில்லாமல் எஞ்சினை நிரப்பினாள்.

"வண்டியப் பாத்துட்டியா புள்ள?" தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிமலன்.

"பாக்க என்னா இருக்கு? ஏறுங்க, போவோம்."

"நானா?" கோப்பையை வாசற்படியில் வைத்தான். "எனக்கு... காய்ச்சல் மாதிரி..."

"ஐயோ, தனியாவா போகச் சொல்றீங்க?" வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

மாரியாயி வெளியே தலையை நீட்டினாள்.

"ஏன்டா நிமலா! கொலைகாரன் வெளிய சுத்துறான். பொம்பளய ஒத்தையா அனுப்பிட்டு நீ உள்ள உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறியா? வெக்கமா இல்ல? ஏறுடா!"

நாலு காம்பராக் கதவுகள் திறந்தன.

நிமலன் ஏறினான்.

பின்னால் இருந்து கழுத்தை நெரித்துவிடுவானோ என்ற பயம் அவளுக்கு ஒரு நொடிதான் இருந்தது. அந்தத் தைரியம் இருந்தால் இவன் எதற்கு ஒயிலை வடிக்கப் போகிறான்?

ஏத்தம்.

வளைவு... அடுத்த வளைவு...

எஞ்சின் பூனை மாதிரி உறுமிக் கொண்டு ஏறியது. கண்ணாடியில் பார்த்தாள். நிமலனின் நெற்றியில் வியர்வை!

"யசோ... வண்டி சூடாகலயா?"

"இல்லயே."

"ஒரு சத்தமும் வரலயா?"

"எதுக்கு வரணும்?"

கோயில் முடக்கு!

பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் நடுரோட்டுக்கு வந்தது. கையில் வளைந்த கத்தி.

"இது ஏன் இன்னும் நிக்கல!" நிமலன் தன்னை மறந்து அலறினான்.

"நிக்காது," என்றாள் யசோதினி. "ஒயில் ஊத்திட்டேன்."

ஆக்சிலேட்டரை முறுக்கினாள்!

தம்பையா துள்ளி ஒதுங்கினான். ஏத்தத்தில் ஆட்டோ ஓட்டமும் நடையுமாய்த்தான் போகும். ஒரே எட்டில் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டான். நிமலனின் கொலர் அவன் கையில்!

"எனக்கே பேய்க்காட்டி ஏமாத்துறியா? ராத்திரி வந்து ஒயில வடிச்சிட்டேன்னு சொன்னியேடா நாயே!"

"வடிச்சேண்ணே! சத்தியமா வடிச்சேன்! தூணப் போய்ப் பாரு...!"

இழுத்த இழுப்பில் நிமலன் ரோட்டில் விழுந்தான்.

கத்தி உயர்ந்தது.

"யசோஓஓ...!"

முதல் வெட்டு தோளில். இரண்டாவது கழுத்தில். பீச்சிய ரத்தத்தில் தம்பையாவின் முகம் சிவந்தது. மூன்றாவது வெட்டைக் கண்ணாடியில் பனி மறைத்தது.

யசோதினி வண்டியை நிறுத்தவில்லை. திருப்பவும் இல்லை.

பதுளையில் கோர்ட் வாசலில் நின்ற பொலிஸ்காரர் கேட்டார். "நீங்கதானே நல்லையா கொலைக்கு சாட்சி?"

"ஆமாங்க," என்றாள். "வர்ற வழியில இன்னொண்ணும் பாத்தேங்க. ரெண்டும் ஒரே ஆளு."

சாயங்காலத்துக்குள் தம்பையா கையில் விலங்கு.

வாசகர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கத்தல் கேட்டபோது அவள் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டுமா, வேண்டாமா? மனதில் பட்டதைக் கட்டாயம் எழுதுங்கள். கல்யாணம் ஆனவர்கள் எழுத உட்காருமுன்...

ஒரு நடை போய் ஒயில் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்!