413-வது ஆள்

கதவு திறந்தே கிடந்தது.

"முசியே...!"

பதில் இல்லை.

அகஸ்டினா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். கையில் அன்று காலை டைப் அடித்து முடித்த மூன்று பக்கங்கள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜை மேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார் முசியே சவரிராயன்.

தூங்குகிறாரா?

இல்லை!

பின்மண்டையில் ரத்தம்! காலடியில் கரி இஸ்திரிப்பெட்டி! காகிதம் பறக்காமல் இருக்க அவர் வழக்கமாக மேலே வைக்கும் அதே பெட்டி!

அகஸ்டினா அலறிய அலறலில் புதுச்சேரி சாரம் பகுதியின் அந்தத் தெருவில் பாதி வீடுகள் வெளியே வந்துவிட்டன.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ராஜவேல் வந்தார். தொப்பையும் தூக்கமில்லாத கண்களுமாக ஒரு மனிதர். செத்தவரைப் பற்றித் தெருவே சொன்னது... பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய். மரியாதைக்கு எல்லோரும் முசியே என்பார்கள். வயது எழுபத்து நான்கு. பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள், பிள்ளை இல்லை.

"நீங்க யாரும்மா?"

"அகஸ்டினா சார். கோர்ட்டுப் பக்கத்துல டைப் அடிக்கிற கடை வச்சிருக்கேன். முசியேவோட மனுவெல்லாம் நான்தான் அடிச்சிக் குடுப்பேன்."

"என்னா மனு?"

"கஞ்சாவ நாடு முழுக்க சட்டபூர்வமாக்கணும்னு... டெல்லிக்கு."

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ராஜவேலின் பேனா நின்றது.

"கஞ்சாவையா...?"

"ஆமா சார். அவரு சம்சாரத்துக்கு கேன்சரு. கடைசியில எந்த மருந்துக்கும் வலி அடங்கல. யாரோ குடுத்த கஞ்சாப் புகையிலதான் ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சாம். இது குத்தம்னா சட்டந்தான் தப்புன்னு ஆரம்பிச்சாரு. அஞ்சு வருஷமா அனுப்புறாரு."

"டெல்லி என்னா சொல்லிச்சு?"

"உங்கள் கடிதம் கிடைத்ததுன்னு வருஷத்துக்கு ஒரு லெட்டரு வரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

ராஜவேல் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதே என்று மீசையைத் தடவினார்.

"ஏம்மா... எந்தக் கட்சிக்காரனாவது மேடை ஏறி கஞ்சாவுக்கு ஓட்டு கேப்பானா? கேட்டா அவன் பொண்டாட்டியே போட மாட்டா. என் பேரன் ரிட்டயர் ஆனாலும் இது நடக்காது!"

"முசியேக்கும் தெரியும் சார். வடக்க இலைய அரைச்சி பாங்குன்னு லைசன்ஸ் கடையில விக்கிறான். அதே செடியில பூவக் கசக்குனா ஜெயிலுன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. நானூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டிருக்காங்க. ஒருத்தரும் நம்பிப் போடல. பெரியவரு வாசல்ல வந்து நிக்கிறாரேன்னு போட்டாங்க."

"அந்தக் கையெழுத்தெல்லாம் எங்க?"

அகஸ்டினா பீரோவைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது.

காலி!

செத்தவர் கழுத்தில் சிலுவை போட்ட தங்கச் சங்கிலி இருந்தது. பென்ஷன் பணம் இருந்தது. மெடல்கள்கூட வரிசை கலையாமல் இருந்தன. அஞ்சு வருஷத்துக் கையெழுத்துக் கட்டு மட்டும் இல்லை.

"காயிதத்துக்காடா கொலை பண்ணுவான்...?" என்று ராஜவேல் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அகஸ்டினா விசும்பினாள். முசியேவுக்காக மட்டும் அல்ல. அந்தக் கட்டோடு அவளுடைய தம்பியின் விடுதலையும் போய்விட்டதே!

தம்பி லூர்துபிரகாஷ் மூன்று வருஷமாக உள்ளே இருக்கிறான்.

தட்டாஞ்சாவடியில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் இருபத்தோரு கிலோ கஞ்சா கிடைத்தது. இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து வருஷம். தாண்டியது ஒரு கிலோ! "எவனோ கொண்டாந்து வச்சிட்டான்கா" என்று அம்மா கல்லறை மேல் சத்தியம் செய்தான். அகஸ்டினா நம்பினாள். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகையை வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அப்பீல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். 2001-ல் போதைப்பொருள் சட்டத்தில் தண்டனையைக் குறைத்தபோது நடந்துகொண்டிருந்த கேஸ்களுக்கும் சேர்த்துத்தான் குறைத்தார்கள். சட்டமே மாறினால் உண்டு.

சட்டம் மாறுமா? வக்கீல் காபியை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் ஜெயிலின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான் லூர்துபிரகாஷ்.

"முசியேவக் கொன்னுட்டாங்கடா...!"

"ஐயோ! அந்தப் பேப்பருங்க...?"

"அதையுந்தான் எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சு ஏறி இறங்கியது.

"அப்போ... டெல்லிக்காரன் சொன்ன மசோதா?"

அந்த மசோதா டெல்லிக்கே தெரியாது!

போன மாதம் இதே இடத்தில் நின்று, "இன்னும் ஏழு வருஷம் தாங்காதுக்கா, தூக்கு மாட்டிக்கப் போறேன்" என்று அழுதான். கடைக்குத் திரும்பியவள் முசியே வைத்துவிட்டுப் போயிருந்த பழைய டெல்லிக் கடிதத்தை எடுத்தாள். எழுத்துகளை வெள்ளை மையால் மூடினாள். ஜெராக்ஸ் எடுத்தாள். சிங்க முத்திரையும் கையெழுத்தும் மட்டும் மிஞ்சின. நடுவில் தானே டைப் அடித்தாள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் மசோதா வரும் கூட்டத்தொடரில் வருகிறது... மூலக் கையெழுத்துகளுடன் இருபதாம் தேதி சவரிராயன் டெல்லிக்கு நேரில் வரவும்!

ஒரே ஒரு பிரதி. வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி மூன்று முறை படித்தான். "கையெழுத்துக் கட்டு எங்கக்கா இருக்கு, பத்திரமா?" என்று அக்கறையாகக் கேட்டான். முசியே வீட்டு பீரோவில் என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் அவன் தூக்கு பற்றிப் பேசவே இல்லை. பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் அன்றைக்குத் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"மசோதா... இனிமே வராதுடா" என்றாள் இப்போது.

"சரி வுடு. நீ அழுவாத" என்றான் தம்பி. எவ்வளவு தாங்கிக்கொள்கிறான் பிள்ளை என்று அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

நாலாம் நாள் காலை கடையில் போன் அலறியது.

"ராஜவேல் பேசறேம்மா. ஆளப் புடிச்சிட்டோம். ஸ்டேஷனுக்கு வாங்க."

ஓடினாள்.

மேஜை மேல் பாதி எரிந்த காகிதக் கட்டு. முசியேவின் கட்டுதான்! மூலையில் குந்தியிருந்தவனை அவளுக்குத் தெரியவில்லை.

"பேரு பலராமன். வேன் டிரைவரு. சேதராப்பட்டுல கம்பெனிக்குப் பின்னாடி காயிதத்தக் கொளுத்திட்டிருந்தான். எவன் அனுப்பினான்னு வாயத் தொறக்க மாட்டேங்கிறான். ஆனா சட்டைப் பையில இது இருந்துச்சு."

எட்டாக மடித்த ஒரு தாளை ராஜவேல் பிரித்துப் போட்டார்.

சிங்க முத்திரை!

"டெல்லிக்குப் போன் போட்டுக் கேட்டேன். இந்த மாதிரி லெட்டரே அனுப்பலங்கிறான். முசியேக்கு வந்த லெட்டரா இது? நீங்க சொன்னாதான் தெரியும்."

தம்பியிடம் கொடுத்த அதே ஒரே பிரதி!

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். முசியே வீட்டில் திருடியது என்று கேஸ் பலராமனோடு முடிந்துவிடும். தம்பி பிழைப்பான். ஏழு வருஷத்தில் வருவான்.

மேஜை மேல் கருகிய தாள் ஒன்றில் முசியேவின் கோணல் கையெழுத்து தெரிந்தது. ஒவ்வொரு முறையும் டைப் அடித்து முடித்ததும், "மெர்சி, மகளே" என்று எழுந்து நின்று நன்றி சொல்வார். அவளை மகளே என்று கூப்பிட அவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

"நான்தான் சார் அடிச்சேன். பொய் லெட்டரு."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"என்... தம்பிக்கு."

சொன்னதும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பலராமன் மூலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"லூர்து அண்ணன் உள்ள இருந்தாலும் சரக்கு நிக்கல சார்... கட்டக் கொளுத்து, கெழவன் டெல்லிக்குப் போவக் கூடாதுன்னு இந்த லெட்டர ஜெயில்லேர்ந்து குடுத்தனுப்புனது அவருதான்."

அன்று மதியமே ராஜவேலும் அகஸ்டினாவும் ஜெயில் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ராஜவேல் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். லூர்துபிரகாஷ் அக்காவை மட்டும் பார்த்தான்.

"ஏன்டா...? உன்ன வெளிய கொண்டாரத்தானடா அந்த மனுஷன்..."

"வெளிய வந்து? நம்மூர்ல சாராயக்கடைய ஏலம் வுடறாங்கல்ல, அதே மாதிரி கஞ்சாக்கடையும் ஏலம் வுடுவாங்க. பெரிய ஆளுங்க எடுப்பாங்க. நான் என்னாக்கா பண்றது, அவன்கிட்ட சம்பளத்துக்குப் பொட்டலம் மடிக்கிறதா? பத்து வருஷம் இருந்தாலும் தொழிலு இருக்கும்னுதான் இருந்தேன். தூக்கு அது இதுன்னு சும்மா பொலம்புனா, நீ இப்படி ஒரு லெட்டரக் கொண்டாந்து காட்டுற!"

"அது பொய்டா...! நானே அடிச்சது! நீ செத்துடுவேன்னியே..."

அவன் முகம் வெளுத்தது.

"பொய்யா...?"

"பொய்."

"அப்போ... அந்தக் கெழவன சும்மாவா...?"

ஆயுள் தண்டனையும் சேர்ந்துகொள்ளும் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. இனி டெல்லி நிஜமாகவே சட்டத்தை மாற்றினாலும் அவன் வெளியே வர முடியாது.

வெளியே வந்ததும் ராஜவேல் கடிதத்தைப் பத்திரமாகக் கவரில் போட்டார். அகஸ்டினாவைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நானூத்திப் பன்னெண்டு பேரும் நம்பாமத்தான் கையெழுத்து போட்டான். இந்தியாவுலயே கஞ்சாவுக்கு சட்டம் வரும்னு மனசார நம்புன ஒரே ஆளு உங்க தம்பிதாம்மா... அவனையும் ஏமாத்திட்டீங்களே!"