எதிர்வீட்டு அன்புமானி

பல் தேய்ப்பதற்கு முன் கதவைத் திறந்து எதிர்வீட்டு வாசலுக்கு மேலிருக்கும் அன்புமானி விளக்கைப் பார்ப்பது மாசிலாமணியின் வழக்கம். இன்றும் அது செக்கச்செவேலென்று எரிந்தது. தம் வீட்டு விளக்கோ அழுக்கு மஞ்சள்.

"விடிஞ்சும் விடியாம என்னத்தக் கொஞ்சுவான் இந்த பெனடிக்ட்?" என்று எதிர்வீட்டுக்காரரை நினைத்துப் பொருமினார்.

அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டு வாசல் நிலைக்கு மேலேயும் அன்புமானி கட்டாயம். பேசுகிறவர் குரலை அது சட்டை செய்யாது. கேட்கிறவர் நெஞ்சு நெகிழ்ந்தால் சிவக்கும். உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். வெளியே தெரிவதுதான் முக்கியம். தம் வீட்டு விளக்கு எப்போதாவது சிவந்தால், மடியிலிருக்கும் மகளை இறக்கிவிட்டு ஓடிப்போய்ப் படமெடுத்துச் அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார் மாசிலாமணி.

ஞாயிறன்று, அதிகம் சிவந்த வீட்டுக்காரருக்கு 'அன்புச் செம்மல்' பட்டமளிப்பு. சங்கத் தலைவர் என்ற முறையில் பெனடிக்டுக்கு அவரே பொன்னாடை போர்த்த வேண்டியிருக்கும். நினைத்தாலே வயிறு எரிந்தது.

கொஞ்சும் சொற்களை எடுத்துக்கொடுக்க, புதிதாக வாங்கிய சொல்லூட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அது ஓத ஓத, "தேன்மொழி, என் வாழ்வின் வசந்தமே!" என்றார், கண்ணை வாசல் விளக்கின் மேல் வைத்தபடி.

"வசந்தத்தோட கையெல்லாம் மாவு. நீங்க கதவைத்தானே கொஞ்சறீங்க? நடத்துங்க," என்றாள் மனைவி.

மஞ்சள் இன்னும் வெளுத்தது.

மாலையில் மகள் இதழிக்குக் காய்ச்சல். கூடத்துச் சோபாவில் சுருண்டிருந்தவளிடம், "என் குலக்கொழுந்தே..." என்று தொடங்கினார்.

"அந்தக் காதுல இருக்கறதைக் கழட்டுங்கப்பா. தலை வலிக்குது."

கழற்றினார். நெற்றியில் ஈரத்துணி போட்டார், காலைப் பிடித்துவிட்டார். மனதில் இருந்ததே வாயில் வந்தது.

"பெனடிக்ட் மாமா மூக்கு குடைமிளகா மாதிரி இல்ல?"

இதழி களுக்கென்று சிரித்தாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

அழைப்புமணி ஒலித்தது. வெளியிலிருந்து பெனடிக்டின் குரல், பொறாமையில் கீச்சிட்டது: "சார்! உங்க விளக்கு என்ன சார் இப்படி எரியுது? சொல்லூட்டில எந்த வெர்ஷன் போட்டீங்க?"

மாசிலாமணி பாதி எழுந்துவிட்டார்.

இதழி விரலை விட்டாள். "நல்லா சிவந்துடுச்சுப்பா. சீக்கிரம் போய் போட்டோ எடுத்துக்கோங்க."

அவள் குரலில் கோபமே இல்லை.