கழித்தல் குறி

புது நாற்காலி ஈரமாக இருந்தது.

புத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருந்த பிரவுசிங் சென்டரில், நாலாம் நம்பர் தடுப்புக்குள் நின்று இந்திராணி முந்தானையால் இருக்கையைத் துடைத்தாள். வெளியே மே மாத வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே ஏசியின் உறுமலோடும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையோடும், கடல் பார்த்திராத அவளுக்கு இன்னதென்று பிடிபடாத ஓர் உப்பு வாடையும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பஹ்ரைனுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து ஏழு மாதமாகப் போன் இல்லை. அனுப்பிவைத்த ரேணிகுண்டா ஏஜென்ட் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். இருக்கிறாரா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

"மாமா பேரு சொல்லுக்கா," என்றான் சென்டர் நடத்தும் சிட்டிபாபு.

அவள் பாஸ்போர்ட் நகலை நீட்டினாள்.

"ஏன், வாயால சொன்னா மாமா கரைஞ்சா பூடுவாரு?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒருதரம்கூட அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிட்டிபாபு சிரித்துக்கொண்டே தேடும் பெட்டியைக் காட்டினான்.

"சும்மா பேரு அடிச்சா ஊர்ல இருக்கிற கோவர்த்தனன் எல்லாம் வந்து நிப்பான். ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா, முழுப் பேரும் அப்படியே இருக்கிற பக்கம் மட்டும் வரும். அப்புறம் ஊரு, படகுப் பேருன்னு தெரிஞ்சத சேத்துக்கினே போ. சேக்கச் சேக்க வட்டம் சுருங்கும். வேணாங்கிற வார்த்தைக்கு முன்னாடி இந்தச் சின்னக் கோடு. அது இருக்கிற பக்கத்தையெல்லாம் கழிச்சுடும். பெட்டில ரெண்டு தரம் கிளிக் பண்ணா, இதுல முன்னாடி தேடினதெல்லாம் கீழ வரும்."

அவன் முன்னறைக்குப் போனான். அவள் ஒற்றை விரலால் அடித்தாள். முதன்முதலாக அந்தப் பெயர்.

ஆயிரக்கணக்கான பக்கங்கள். மேற்கோள் குறி போட்டதும் நாற்பது. படகின் பெயரைச் சேர்த்ததும் ஒன்று.

அதைத் திறக்கக் கை வரவில்லை. யோசித்து, அந்தச் சின்னக் கோட்டைப் போட்டாள். அதை ஒட்டி, செத்தவர்களைச் சொல்லும் நாலெழுத்து ஆங்கிலச் சொல்.

ஒன்றுமில்லை.

கோட்டையும் சொல்லையும் அழித்தாள். ஒன்று. திரும்பப் போட்டாள். ஒன்றுமில்லை.

அப்படியென்றால் அந்த ஒரே பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

உப்பு வாடை கூடியது. விரல் பெட்டிமேல் இரண்டு தரம் அழுந்த, பழைய தேடல்கள் சரிந்து இறங்கின.

இந்திராணி.

"இந்திராணி".

"இந்திராணி" புத்தூர்.

"இந்திராணி" புத்தூர் நாலாம் நம்பர்.

"தம்பி… காலைல இதுல யாரு உக்காந்தது?"

"யாரும் இல்லக்கா," குரல் மட்டும் வந்தது. "புது மிஷினு. நீதான் போணி."

அவள் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எழ முடியவில்லை. முந்தானை நுனியை ஏதோ நாற்காலியோடு பிடித்திருந்தது. சில்லென்று.

விசைகள் தாமாக அமுங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர்.

அவள் பெயர். ஊர். நம்பர்.

இடைவெளி.

சின்னக் கோடு.

அதை ஒட்டி, ஒவ்வொன்றாக, ஐந்து ஆங்கில எழுத்து. பத்தாவது படித்தவள். புரிந்தது.

உயிரோடு.

என்டர் விசை மெல்ல அமுங்கத் தொடங்கியது.