மூன்று தட்டு, ஓர் அழுத்து

காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தார். "அக்கா, அவளை ரெண்டாவது தடவையும் கொன்னுட்டாங்க. உடனே வா."

அக்கா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது, வாசலை ஒட்டி மூடித் தயாராக நின்ற மருமகளின் பெட்டிதான். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மியூசிக் பிளேயர்.

கண் தெரியாதவருக்குப் போட்டோவை மாட்டி வைத்து என்ன பிரயோஜனம்? அதனால் அவர் மனைவி, படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில், இந்த பிளேயரில் தன் குரலைப் பேசி வைத்துவிட்டுப் போயிருந்தார். தினமும் ராத்திரி அதைக் கேட்டால்தான் தம்பிக்குத் தூக்கம்.

"நேத்து ராத்திரி போட்டேன், சத்தமே வரல. சார்ஜ் தீந்துபோச்சுன்னு நெனச்சு மருமக கையில குடுத்தேன். ராத்திரி பூரா அவங்க ரூம்லதான் இருந்துச்சு. விடிஞ்சு போட்டா அப்பவும் சத்தமில்ல. பட்டனை மாத்தி மாத்தி அழுத்தினா ஏதோ சினிமாப் பாட்டு பாடுது. அவ குரலைக் காணோம்."

"மருமக எதுக்கு அழிக்கணும்?"

"என் பொண்டாட்டி அதுல இவ சமையலைக் கழுவிக் கழுவி ஊத்தியிருப்பா. அதான். வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

அக்கா பிளேயரை வாங்கிப் பார்த்தார். திரையில் ரேடியோ, பாட்டு, கடிகாரம் என்று வரிசையாக எழுத்துகள். கடைசி வரி குரல்பதிவு. திறந்தார். துடைத்துவிட்டாற்போல் காலி.

மருமகள் சமையலறையில் அழுது முடித்திருந்தாள்.

"நீ அழிச்சியா?"

"இல்ல."

"கோபம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்காக? அத்தை திட்டினாலும் அது அத்தை குரல்தானே? கடையில ரெண்டு பிளேயர் காட்டினாங்க. ஒண்ணு, எந்த பட்டனைத் தொட்டாலும் திரையில இருக்கிற வரியை வாய்விட்டுச் சொல்லும். கொஞ்சம் தடியா இருந்துச்சு. மாமாவுக்கு அதுதான் சரின்னேன். உங்க தம்பி பிள்ளைதான் வேண்டாம்னுட்டார்."

"ஏன்?"

"பஸ்ல அது பேசினா எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பாப்பாங்களாம்."

மகன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சினிமாப் பாட்டை ஏத்தினது யாரு?"

"நான்தான் அத்தை. ராத்திரி சார்ஜ் போடும்போது பாத்தேன், அம்மா பதிவு ஒண்ணுகூட இல்ல. அப்பா தாங்க மாட்டாரேன்னு பாட்டாவது இருக்கட்டும்னு..."

"யார்கிட்டயும் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. ஆனா நான் அழிக்கல. சத்தியமா அழிக்கல."

பொய்யை வாசனையிலேயே பிடிப்பவர் என்று அக்காவுக்கு வேலையில் பேர். இரண்டு பேரிடமும் பொய் வாசனை இல்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

அவர் தம்பியிடம் திரும்பி வந்தார்.

"இனிமே இதுல எனக்கு என்ன இருக்கு?" என்றார் தம்பி. "வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு ரேடியோகூடக் கிடையாது. மேட்ச் ஸ்கோருக்குப் பக்கத்து வீட்டு டிவியைத்தான் ஒட்டுக்கேக்கறேன்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

"திரை தெரியாம அவ பதிவை எப்படிப் போடுவ? செஞ்சு காட்டு."

"எல்லாம் விரல் கணக்குதான். கீழ் பட்டன் மூணு தட்டு, நடு பட்டன் ஒரு அழுத்து. மறுபடி கீழே ஒரு தட்டு, ஒரு அழுத்து."

"கடைசியில எதுக்கு அந்த ஒரு தட்டு?"

"முதல் பதிவுல ஒண்ணுமில்ல. 'பேசுதா இது? கேக்குதா?'ன்னு சோதிச்சுப் பாத்திருப்பா. அதைத் தாண்டினாத்தான் விஷயத்துக்கு வருவா."

தம்பியின் விரல் இறங்கியது. மூன்று தட்டு, ஓர் அழுத்து, ஒரு தட்டு. திரையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கடைசி அழுத்துக்கு முன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகனையும் மருமகளையும் கூப்பிட்டார்.

"இதுல ரேடியோ எப்ப வந்துச்சு?" என்று மகனைக் கேட்டார்.

அவன் தலை குனிந்தது. "நேத்து மத்தியானம். அப்பா தூங்கும்போது கம்ப்யூட்டர்ல மாட்டி அப்டேட் பண்ணினேன். ஸ்கோர் கேக்கட்டும்னு. சொல்லாம வெச்சு சந்தோஷப்படுத்தலாம்னு..."

"ரேடியோ மேல வந்து உக்காந்துச்சு. மத்த எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிடுச்சு. முந்தி மூணு தட்டினா குரல்பதிவு. இப்ப மூணு தட்டினா அதுக்கு முன்னாடி வரி, 'பதிவுகளை அழி'. அழுத்தினா, நிஜமா அழிக்கவான்னு கேக்குது. வேண்டாம்னு மேல இருக்கு, சரின்னு கீழே இருக்கு. கீழே ஒரு தட்டு, ஒரு அழுத்து." அக்கா தம்பியின் மணிக்கட்டை விட்டார். "கண்ணு தெரியறவங்க யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. விரல் உன்னோடது தம்பி. ஆனா அந்தக் கணக்கை மாத்தினவன் உன் பிள்ளை. ராத்திரியே வாயைத் திறந்திருந்தாக் கடைக்காரர் மீட்டிருப்பாரோ என்னவோ. அது மேலயே பாட்டை ஏத்திட்டான்."

தம்பி மருமகள் பக்கம் திரும்பி, "பெட்டியை உள்ள வைம்மா" என்றார். தன் விரலை வேறு யாருடையதோ போலத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அவர் கடையிலேயே அந்தத் தடியான, பேசும் பிளேயரை மருமகள் வாங்கினாள். பழைய மெமரி கார்டை அதில் போட்டு மாமா கையில் கொடுத்தாள்.

தம்பி பட்டனைத் தொட்டார். ஏதோ ஒரு பெண்ணின் குரல் சொன்னது: "பாட்டு." இன்னொரு தட்டு. "குரல்பதிவு." அழுத்தினார்.

"பதிவு எதுவும் இல்லை."

"அந்த 'கேக்குதா'வைக்கூட நான் ஒரு நாள் முழுசாக் கேட்டதில்ல அக்கா" என்றார் தம்பி. மறுபடி அழுத்தினார். பிளேயர் கொஞ்சமும் சலிக்காமல், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, அதையே மறுபடியும் சொன்னது.