ஏழு அறைகளை ரத்து செய்தது யார்?

காலை ஆறரை மணி.

"உங்க பேர்ல ரூம் எதுவும் இல்லையே மேடம்," என்றார் லாட்ஜ்காரர் போனில். "நேத்து சாயங்காலம் நீங்கதானே ஏழு ரூமும் வேண்டாம்னு மெசேஜ் போட்டீங்க?"

எல்லாரும் அவளை அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுடையது. வலியோடு வருகிறவர்களையும் வராமல் டிமிக்கி கொடுக்கிறவர்களையும் ஒரே நாளுக்குள் அடுக்கி அடுக்கிப் பழகியவள். அதனால்தான் பதினான்கு பேர் கொண்ட பாட்டுக் குழு, நகரத்து இசை விழாவுக்குப் போகிற பயணத்தை அப்படியே அவள் தலையில் கட்டியது. வேனும் லாட்ஜும் அவள் பிடித்தவை. யார் யாரோடு படுப்பது என்ற பொல்லாத பஞ்சாயத்தையும் அவளே தீர்த்துவைத்தாள்.

"நான் அனுப்பவே இல்லைங்க."

"உங்க நம்பர்லேர்ந்துதான் வந்திருக்கு. ஆறே கால் மணிக்கு. 'சிரமத்துக்கு மன்னிக்கவும்'னு கூட இருக்கு. பத்தே நிமிஷத்துல வேற ஒரு கோஷ்டி எடுத்துக்கிட்டாங்க. விழா சமயம் மேடம், ஊர் முழுக்க ஒரு கட்டில் கூடக் காலி இல்லை."

அவள் தன் போனைக் குடைந்து பார்த்தாள். அப்படி ஒரு செய்தியே அதில் இல்லை. அனுப்பியவர் கையோடு அழித்தும்விட்டார்.

ஒத்திகைக் கூடத்தின் வாசலில் பைகள் குவியத் தொடங்கியிருந்தன. ஒன்பது மணிக்கு வேன் வரும். நாளைக் காலை மேடை. சாதாரணக் குழு என்றால் ராத்திரி முழுக்க வேனில் தூங்கி வழிந்துகொண்டு போய்ப் பாடிவிடலாம். ஆனால் குழுவின் முதல் குரல் அவளுடைய தங்கை. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் சீட்டில் எழுதிக் காட்டியே பேசி, இப்போதுதான் பாட ஆரம்பித்திருக்கிறாள். அதுவும் பாதிக் குரலில். முழுக் குரலையும் விட்டால் ஏதாவது அறுந்துவிடுமோ என்ற பயம் அவளை விடவில்லை. டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "மேடைக்கு முதல் நாள் ராத்திரி நல்லாத் தூங்கணும். ராத்திரிப் பயணம்னா பாடவே கூடாது." படுக்க இடம் இல்லையென்றால் தங்கைக்கு மேடை இல்லை. இந்தத் தடவையும் விட்டுப்போனால் அவள் இனி எந்த மேடையிலும் ஏறப் போவதில்லை என்று அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நேற்று ஆறே கால் மணி. ஒத்திகையின் டீ இடைவேளை.

ஒத்திகையில் சுருதி போடுவது அவளுடைய போன்தான். நடு மேஜையில், பூட்டாமல், ரீங்காரமிட்டபடி கிடக்கும். சுருதி நடுவில் நின்றுவிடக்கூடாதே என்று பூட்டுப் போடுவதை அவளே நிறுத்திவைத்திருந்தாள். யாரோ அவள் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

முதலில் தாளக்காரரைப் பிடித்தாள். குழுவில் டிரம் வாசிப்பவர். எவர் நடந்தாலும் பேசினாலும் அடுத்த நிமிஷமே நடித்துக் காட்டிவிடுவார். அவர் வாயில் விழுந்தவர்கள் ஒரு வாரம் தலைகாட்ட முடியாது.

"நேத்து டீ நேரத்துல யார் யார் உள்ளே இருந்தாங்க?"

"எல்லாரும் வெளியே வராந்தாவுலதான் இருந்தோம். நான் நம்ம டிரைவர் கொட்டாவி விடறதை நடிச்சுக் காட்டிட்டிருந்தேன். நீங்க கூடச் சிரிச்சீங்களே!"

"வெளியே வராதவங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "உங்க தங்கச்சி. சூடு ஆகாதே அவளுக்கு. அப்புறம் டிரைவர், ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க உள்ளே போனார். அப்புறம் பளிச் அண்ணன். நீங்க கொடுத்த ஆப்பிளை நான் நீட்டினா, வயிறு சரியில்லைன்னு பையில போட்டுக்கிட்டார். சட்டைக்குப் பட்டன் தைக்கணும்னு உள்ளேயே உட்கார்ந்துட்டார்."

பளிச் அண்ணன் தையல்காரர். கீழ்க் குரலில் அவரை அடிக்க ஆளில்லை. பல வருஷமாக உதட்டோரத்தில் நூலை வைத்துக்கொண்டு, வாயை மூடியபடியே பேசியவர், இந்த வருஷம் பளிச்சென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடையில் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது என்று குழு அர்த்தம் செய்துகொண்டு இந்தப் பட்டப்பெயரையும் சூட்டிவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அக்கா. "நீங்களும் அவரும் ஒரே ரூம். அவர் குறட்டை உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு யோசிச்சேன். தனி ரூம் கேட்டார், குறட்டை விடுவேன்னு."

"அண்ணனா? குறட்டையா?" தாளக்காரர் கண்ணை அகல விரித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி ரயில்ல பக்கத்து பெர்த். மூச்சு இருக்கான்னு நானே தொட்டுப் பாத்தேன்!"

ஏழரை மணி. வேன் டிரைவர் சீக்கிரமே வந்து, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இவர் மேல் அக்காவுக்கு ஒரு கண் இருந்தது. காரணம், "என் மச்சான் லாட்ஜ்லயே தங்குங்க" என்று ஒரு மாதமாக அவள் காதைத் தின்றவர் அவர்.

"நேத்து என் போனைத் தொட்டீங்களா?"

"எதுக்குத் தொடணும்?"

"லாட்ஜ் ரத்தாயிடுச்சு. உங்க மச்சானுக்கு லாபம்தானே?"

அவருக்குச் சுள்ளென்று வந்தது. தன் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். "ரூமா? மாடிப்படியில கூட ஆளு படுத்திருக்காங்க மாமா!" என்று அலறினார் மச்சான்.

"கேட்டுக்கிட்டீங்களா? ராத்திரி வண்டி ஓட்ட மாட்டேன்னு உங்ககிட்ட முதல் நாளே கண்டிஷன் போட்டவன் நான். ரூம் இல்லைன்னா ராத்திரி முழுக்க நான்தானே ஓட்டணும். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுப்பேனா?"

நியாயம்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். இனி மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருத்தியை விசாரிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

தங்கை கூடத்தின் ஜன்னலோரமாக, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். போன வாரம் இவள்தான் அழுதாள், "என்னால முடியாதுக்கா, வேற யாரையாவது பாடச் சொல்லு" என்று. பயம் முற்றினால் மனுஷர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்.

"நேத்து டீ நேரத்துல..." என்று ஆரம்பித்த அக்காவால் முடிக்க முடியவில்லை.

தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். விஷயம் அதற்குள் கூடமெல்லாம் பரவியிருந்தது. "நான்தான்னு நினைச்சியா?" என்றாள் கிசுகிசுப்பாக. கண் நிறைந்துவிட்டது. "பயமாத்தான் இருக்கு. ஆனா போகணும்க்கா. பாடாம இருக்கறது அதைவிடப் பயமா இருக்கு."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்மேலேயே வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. போனில் லாட்ஜ்காரரின் பெயருக்கு அடுத்ததே வேன் முதலாளியின் பெயர். பயணத்தையே நிறுத்த நினைத்தவர் வேனை அல்லவா நிறுத்தியிருப்பார்? இதைச் செய்தவர் வேனை விட்டுவிட்டார். விழாவுக்குப் போக வேண்டும், பாடவும் வேண்டும், ராத்திரி மட்டும் தங்கக்கூடாது. அப்படி ஓர் ஆசை யாருக்கு இருக்க முடியும்?

"நேத்து என்ன பாத்தே? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு."

"ஒண்ணும் இல்லைக்கா. அண்ணன் என் சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருந்தார். நூலை வாய்கிட்டே கொண்டுபோனார், அப்புறம் என்னமோ நினைச்சுக்கிட்டு நிறுத்திட்டார். கத்தரிக்கோலைத் தேடித் தேடி அலைஞ்சார். மேஜை மேல இருக்குன்னு அந்தப் பக்கம் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

மேஜை மேல். சுருதி பாடிக்கொண்டிருந்த மேஜை மேல்.

அக்கா அப்படியே நின்றாள். பல் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் இது எனக்கு உறைக்கவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

எட்டு மணி. உடைகள் வைக்கிற பின்னறையில் பளிச் அண்ணன் சட்டைகளை மடித்து மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவைச் சாத்தினாள். பதினான்கு பேரையும் வட்டமாக உட்காரவைத்து, குற்றவாளியை நோக்கி விரல் நீட்டுகிற ஆசை அவளுக்கும் இருந்தது. இந்த விஷயத்துக்கு அது பொருந்தாது என்று ஆசையை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, லாட்ஜை ரத்து பண்ணினது நீங்கதான்."

அவர் கை நின்றது. "என்னம்மா சொல்றே?"

"குறட்டை விடுவேன்னு தனி ரூம் கேட்டீங்க. நீங்க குறட்டையே விட மாட்டீங்களாம். ஆப்பிளைக் கடிக்காம பையில போட்டுக்கிட்டீங்க. அதெல்லாம் கூட விடுங்க. ஆயுசு முழுக்க நூலைப் பல்லால கடிச்சே அறுத்த தையல்காரர், ஒரு பட்டன் நூலுக்குக் கத்தரிக்கோலைத் தேடி அலையறார். அது ஏன்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "புதுப் பல்செட். கடிச்சு இழுத்தா கையோட வந்துடும். ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டாகணும். பக்கத்துக் கட்டில்ல தாளக்காரர்."

 பளிச் அண்ணன் துணிமூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவன் என்னை நடிச்சுக் காட்டுவான்மா," என்றார். அழுகிற குரல். "வாயைக் குழிச்சுக்கிட்டு. ஊரே சிரிக்கும். உன் ஆஸ்பத்திரிக்கு வந்தா நீ பாத்துடுவேன்னு, ரெண்டு பஸ் மாறி வேற இடத்துல போய்க் கட்டிக்கிட்டேன். ராத்திரி வேன்ல இருட்டுல உட்கார்ந்து போய், காலையில பாடி முடிச்ச கையோட திரும்பிடலாம்னு நினைச்சேன். வேற கெட்ட எண்ணம் இல்லை."

"ராத்திரிப் பயணம்னா தங்கச்சி பாடக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

அது அவருக்குத் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று தங்கை அதை வெளியில் சொல்லாமலே வைத்திருந்தாள். பளிச் அண்ணனின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ," என்றார். "அந்தப் பொண்ணு பாடறதைக் கேக்கத்தானே நானே வர்றேன்."

 வாசலில் யாரோ பையை எண்ணிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வெளியே யாருக்கும் நான் காரணம் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "அது உங்க சொந்த விஷயம். ஆனா அவளுக்கு ஒரு படுக்கை வேணும் அண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். நிமிர்ந்தார். தன் போனை எடுத்தார். அந்த நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் சீருடை தைத்துக் கொடுக்கிறார். தலைமையாசிரியை அம்மாவிடம் கெஞ்சினார், கொஞ்சினார், அடுத்த வருஷச் சீருடை தள்ளிப்போகாது என்று சத்தியம் செய்தார். இப்போது விடுமுறை. வகுப்பறைகளில் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். பெரிய கூடம் மட்டும் காலி. பாய், தலையணை, மின்விசிறி எல்லாம் உண்டு. நடுவில் ஒரு திரைச்சீலை கட்டி, ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள் படுத்துக்கொள்ளலாம்.

"ஒரே கூடம் அண்ணே," என்றாள் அக்கா மெதுவாக. "ஆம்பளைங்க எல்லாரும் பக்கத்துல பக்கத்துல."

"தெரியும்மா."

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடத்துக்குப் போனார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "லாட்ஜை ரத்து பண்ணினது நான்தான்," என்றார் கனத்த கீழ்க் குரலில். "தப்புதான். தங்கறதுக்கு வேற இடம் பிடிச்சாச்சு. காரணத்தை அங்க வந்து சொல்றேன். இப்ப வண்டி ஏறுங்க."

முணுமுணுப்பு கிளம்பாமல் இல்லை. வேனில் பாதி வழிவரைக்கும் அவரோடு யாரும் பேசவில்லை. தாளக்காரர் கூட நடிப்பைக் கட்டிவைத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

மாலை. பள்ளிக்கூடத்தின் கூடத்தில் பாய்களை விரித்து, சாப்பிட்டு முடித்து, பதினான்கு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக, எங்கேயோ ஒரு மேடையில் யாரோ வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பது கேட்டது. பளிச் அண்ணன் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நடுவில் நின்றார்.

"காரணம் கேட்டீங்களே," என்றார். "இதுதான்."

மேலொன்றும் கீழொன்றுமாகப் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. பத்து வயது கூடிவிட்டது.  அக்கா தாளக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

தாளக்காரர் டம்ளரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மெல்ல எழுந்து வந்து, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, தன் தலைமாட்டில் பத்திரமாக வைத்தார்.

"இவ்வளவுதானா அண்ணே? இதுக்கா ஏழு ரூமைக் காவு கொடுத்தீங்க?" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ராத்திரி எனக்குத் தாகம் எடுத்தா நான் பொறுப்பில்லை."

முதலில் சிரித்தது பளிச் அண்ணன்தான். பல்லில்லாத வாயோடு, குலுங்கிக் குலுங்கி. அடுத்த கணம் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சிரிப்பு எழும்பியது. கணீரென்று, தடையில்லாமல், கூரைவரை போய் முட்டித் திரும்பி வந்த சிரிப்பு. எல்லாரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

தங்கை இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே திகைப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவைகூட இப்படி வாய்விட்டு அவள் சிரித்ததில்லை.

"வலிக்குதா?" அக்கா எழுந்து ஓடினாள்.

தங்கை இல்லையென்று தலையாட்டினாள். ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு நாளைக்குப் பாட வேண்டிய முதல் வரியை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, முழுக் குரலில் எடுத்தாள்.